குருதி உறவும் குற்றப் புலனாய்வும்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தென்கடலைக் கலக்கியபோது, கோட்டுகாலை அடுத்த விழிஞ்ஞம், பூந்துறைக் கரைகளிலிருந்தும், கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளைக் கரைகளிலிருந்தும் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. கரை சேர்ந்த உடல்கள் பல அடையாளம் காண இயலாத நிலையில் இருந்தன. டி.என்.ஏ. சோதனைக்காக உறவினர்கள் குருதி அளித்தனர். மகனைத் தேடும் தந்தைக்கு அறிவியல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

உறவினரின் குருதியால் ஒருவரை இனங்காணும் இதே நெறி காவல்துறைக்கும் பயன்படும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970, 80களில் தொடர் கொலைகள் புரிந்தவர் 2018 ஏப்ரலில் கைதானார். முன்னாள் காவலரான அவர் எந்தத் தரவுத்தளத்திலும் தம் மாதிரியை அளித்திருக்கவில்லை. வம்சாவளி அறியும் ஆவலில் ஜெட்மேட்ச் தளத்தில் விவரம் பதித்த தூரத்து உறவினர்களே, தாமறியாமல் வழிகாட்டினர். அதே ஆண்டில் 1,587 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வன்குற்றங்களுக்காக இத்தகைய தேடலை ஆதரித்தோர் 80 விழுக்காட்டினர். வன்முறையற்ற குற்றங்களுக்கு ஆதரவளித்தோர் 39 விழுக்காட்டினரே. மக்கள் கருவியை எடைபோடுவதில்லை, நோக்கத்தையே எடைபோடுகின்றனர் என்பது இதனால் புலனாகும். 2019 மே மாதத்தில், இசைவளித்தோரின் விவரங்களை மட்டுமே காவல்துறைக்குத் திறக்க அத்தளம் முடிவு செய்தது.

இசைவு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை நிலத்தைப் பிரித்ததேயன்றி உறவைப் பிரிக்கவில்லை. பாறசாலையில் ஒருவர் அளிக்கும் மாதிரி, களியக்காவிளைக்கு அப்பாலுள்ள சிற்றப்பன் மக்களையும் சுட்டும். அவர்களை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். தந்தை என்று கருதப்பட்டவர் தந்தையல்லர் என்பதும் வெளிப்படலாம். ஊர் குற்றத்தை மறந்தாலும் அதை மறக்காது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கைதானோர் முதலியோரின் உயிரியல் மாதிரிகளைப் பற்றியது. அதன் பதிவுகள் 75 ஆண்டுகள் காக்கப்படும். காணாமற்போனோருக்கும் அடையாளம் தெரியாது இறந்தோருக்கும் தனிப் பட்டியல்கள் வகுக்க முனைந்த 2019ஆம் ஆண்டின் டி.என்.ஏ. மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே, துயரில் அளித்த குருதியைக் குற்றத் தேடலினின்று பிரித்து வைக்கும் தனிச்சட்டம் இல்லை. அதுவரை, குருதி எடுக்கும் அலுவலர் நீட்டும் படிவத்திலாவது அது எதற்காக, எத்தனை காலம், யார் கையில் என்பது மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.