குடலிறக்கம்: 'டாப்' நல்லதா, 'டெப்' நல்லதா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நின்றால் தொடை இடுக்கில் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். இதுதான் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. வாழ்நாளில் நூறு ஆண்களில் குறைந்தது 27 பேருக்கு வரக்கூடியது. பெண்களுக்கும் வரும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. மாத்திரையோ பெல்ட்டோ அந்த ஓட்டையை அடைக்காது. தொந்தரவு இல்லாத ஆண்கள் மட்டும், மருத்துவர் சொன்னால், சில காலம் காத்திருக்கலாம்.

கடலூரில் ஒரு மருத்துவர் 'டாப்' என்கிறார், சிதம்பரத்தில் இன்னொருவர் 'டெப்' என்கிறார், எது நல்லது என்று பலர் கேட்கிறீர்கள். இரண்டுமே லேப்ராஸ்கோப்பிதான். இரண்டிலும் வழக்கமாக மூன்று சிறு துளைகள். ஏறக்குறைய 10-க்கு 15 சென்டிமீட்டர் வலை. அதை வைக்கும் இடமும் ஒன்றே. போகும் வழிதான் வேறு.

டாப் முறையில் கேமரா வயிற்றுக்குள்ளேயே போகிறது. குடலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையைத் திறந்து, வலையை வைத்து, மறுபடி மூடுவார்கள். மறுபக்கத்திலும் இறக்கம் இருக்கிறதா என்று எளிதில் பார்த்துவிடலாம். டெப் முறையில் வயிற்றுக்குள் நுழையாமல், தசைக்கும் அந்த உறைக்கும் நடுவில் இடம் உண்டாக்கிச் செய்கிறார்கள். உறையைத் தைக்கும் வேலை இல்லை. ஆனால் இடம் குறுகல், கைப்பழக்கம் அதிகம் வேண்டும்.

2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றே என்கிறது. அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "டாக்டர், நீங்கள் அதிகம் செய்வது எந்த முறை? இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பழைய அறுவை சிகிச்சைகள், இதய நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். லேப்ராஸ்கோப்பிக்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலருக்கும், இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்யக்கூடிய திறந்த முறையே ஏற்றது. அது மட்டமான சிகிச்சை அல்ல.

ஒன்றை மறக்காதீர்கள். புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, கடும் வலியோ வாந்தியோ வந்தால், குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். நடு இரவானாலும் 108-ஐ அழையுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே உடனே போங்கள். அப்போது டாப்பா டெப்பா என்று யோசிக்க நேரமில்லை.