விளைதிறன் கொள்கையும் சேலத்து மரவள்ளியும்

(சேலம், நாமக்கல் மாவட்ட உழவர் நடுவே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

'விளைதிறன்' என்னும் சொல் ஆட்சியாளரின் வாயில் அடிக்கடி ஒலிக்கும் சொல்லாகிவிட்டது. இந்திய நடுவணரசு 1958ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனி மன்றம் ஒன்றை அமைத்தது. பல்கலைக்கழகங்கள் ஆய்வு செய்யவேண்டும். அவ்வாய்வின் முடிவை அரசு கேட்கவேண்டும். கேட்டபின் கொள்கை வகுக்கவேண்டும். அக்கொள்கையால் நாட்டின் விளைவு பெருகவேண்டும். இவ்வாறு சொல்லப்படுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால், ஆய்பவர் யார், அறிபவர் யார், அதனால் ஊதியம் பெறுபவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாமல் விளைதிறனைப் பற்றிப் பேசுவது, உழுதவனை விட்டுவிட்டு ஏரைப் போற்றுவதாக முடியும்.

இவ்வினாக்களுக்கு விடை தேடித் தொலைவு போகவேண்டுவதில்லை. ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், இராசிபுரம், சேந்தமங்கலம், நாமகிரிப்பேட்டை ஆகிய பகுதிகளில், சாலையின் இருமருங்கும் ஆள் உயரத்திற்கு நிற்கும் குச்சிக்கிழங்குச் செடியே விடை சொல்லும்.

தொழில் பிறந்த வரலாறு

மரவள்ளி இம்மண்ணின் பழம்பயிர் அன்று, தென்னமெரிக்காவில் தோன்றியது. திருவிதாங்கூரில் 1880ஆம் ஆண்டு முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், பஞ்சத்திற்கு மாற்றாக அதைப் பரப்பினார். பின்னர் அது சேலத்துச் செம்மண்ணிலும் வேரூன்றியது. அக்காலத்தில் தமிழர் உண்ட சவ்வரிசியோ மலேயாவிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டளவில், சப்பானியர் மலேயாவைக் கைப்பற்றியதும் அவ்வரவு நின்றது. அந்நிலையில்தான் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் அத்தொழிலை அறிந்திருந்த போபத்லால் சா என்பாரும் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி ஆக்கும் முறையை இங்கே தொடங்கினர். கையால் குலுக்கி உருட்டிய சவ்வரிசி, பின்னர்ப் பொறியால் உருண்டது. உள்ளூர்க் கொல்லரும் கம்மியரும் தம் பட்டறையிலேயே அரைக்கும் பொறிகளையும் உருட்டும் பொறிகளையும் செய்து கொடுத்தனர்.

இதில் ஊன்றிக் காணவேண்டியது ஒன்றுண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையும் இத்தொழிலைப் பிறப்பிக்கவில்லை. வணிகரின் துணிவும், தொழிலாளியின் கைத்திறனும், உழவரின் உழைப்பும் சேர்ந்து பிறப்பித்தன. ஆய்வு பின்னரே வந்தது. 1963ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் நடுவண் கிழங்குப்பயிர் ஆய்வு நடுவகம் நிறுவப்பெற்றது. 1971இல் அந்நடுவகம் எச்–165, எச்–226 என்னும் கலப்பின வகைகளை வெளியிட்டது. அதே 1971ஆம் ஆண்டில் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தது. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் அப்பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆய்வு நிலையம் இயங்குகிறது. 1981ஆம் ஆண்டில் சவ்வரிசி ஆலையாளரின் கூட்டுறவு அமைப்பாகிய சேகோசர்வ் பதிவு செய்யப்பெற்றது. 2023இல் சேலத்துச் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

இத்தனையும் சேர்ந்த பயன் சிறிதன்று. உலகில் மரவள்ளியின் நிரவல் விளைவு எக்டேருக்குப் பத்துப் பன்னிரண்டு டன் அளவில் நிற்க, இந்திய ஒன்றியத்தில் அது முப்பது டன்னை எட்டிய ஆண்டுகள் உண்டு. அவ்வுயர்வில் தமிழக உழவரின் பங்கு பெரிது.

ஆய்வும் அரசும் கைகோத்த காலம்

பல்கலைக்கழகமும் அரசும் கூடிச் செய்யும் ஆய்வு வீண் என்று கருதுவோர் 2008ஆம் ஆண்டு முதல் 2011 வரை நடந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பெற்றது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிக்கு உரிய பூச்சி அது. பப்பாளியோடு நில்லாமல் முசுக்கொட்டை, பருத்தி, மரவள்ளி என்று தொற்றிப் படர்ந்தது. இலையின் அடியில் வெள்ளை மாப்போல் அப்பிச் சாற்றை உறிஞ்சியது. உழவர் கடன் வாங்கி நஞ்சு தெளித்தனர். பூச்சியின் மேலுள்ள மெழுகுப் போர்வை நஞ்சைத் தடுத்தது. நஞ்சோ பூச்சியைத் தின்னும் நல்லுயிர்களையே பெரிதும் கொன்றது. காசும் போயிற்று, பயிரும் போயிற்று.

அதற்குரிய மாற்று, அப்பூச்சியின் தாயகத்தில் இருந்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. 2010 சூலையில், அமெரிக்க வேளாண் துறையின் துணையோடு புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகள் பெங்களூரில் உள்ள நடுவணரசின் பூச்சி ஆய்வு நடுவகத்திற்கு வந்தன. தனிமையில் வைத்து ஆய்ந்தபின், வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கி ஊர்தோறும் வழங்கின. மூன்றனுள் அசரோபேகசு பப்பாயே என்னும் குளவியே பெருவெற்றி கண்டது. ஓராண்டளவில் மாவுப்பூச்சி அடங்கியது. அமெரிக்காவின் வர்சீனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பொருளியலாரும் கூடி 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்தாண்டுகளில் இதனால் விளைந்த பயன் 52 கோடி அமெரிக்கத் தாலருக்கு மேல். உயர் மதிப்பீடு 134 கோடித் தாலர். செலவோ அதனோடு ஒப்பிட ஒரு துளி. எறும்பினும் சிறிய ஓர் உயிர், ஒரு நஞ்சு வணிகனுக்கும் பணம் தராமல், உழவரைக் காத்தது. கூட்டாய்வின் பயனுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அறிந்தும் ஆயத்தமாகாமை

ஆனால், வெற்றியைப் போற்றுவோர் அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி உண்டு. அது 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் புகுந்து கோடிக்கணக்கான மக்களின் உணவை அழித்தது. 1981இல் பரகுவே நாட்டில் அதற்குரிய குளவியாகிய அனகைரசு லோபெசி கண்டறியப்பெற்று, ஆப்பிரிக்காவில் விடப்பெற்றது. அப்பெரும் பணியை நடத்திய ஆன்சு எர்ரன் என்னும் சுவிட்சர்லாந்து அறிவியலாளர்க்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பெற்றது. 2008இல் அப்பூச்சி தாய்லாந்தில் புகுந்தது; அந்நாடு மறு ஆண்டே ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவியை வரவழைத்துக்கொண்டது.

ஆக, பூச்சி இன்னதென்று தெரியும். அதன் பகை இன்னதென்று தெரியும். அப்பகை எங்குக் கிடைக்கும் என்பதும் தெரியும். ஆசியாவிற்குள் அது வந்துவிட்டதும் தெரியும். 2020இல் அது கேரளத்துத் திருச்சூரில் காணப்பெற்றது. பின்னர்ச் சேலம், நாமக்கல் கொல்லைகளில் நுனி சுருண்டு, கணு குறுகி, செடிகள் குட்டையாகிப் போயின. பெனினிலிருந்து குளவி 2021இல் பெங்களூர் வந்தது. ஏத்தாப்பூரில் அது விடப்பெற்றது 2022 மார்ச்சில். தாய்லாந்தில் பூச்சி நுழைந்ததிலிருந்து கேரளத்தில் நுழைந்தது வரை பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. பூச்சி வருமுன்னே குளவியைக் கொண்டுவந்து விடமுடியாது என்பது உண்மையே. ஆனால் இசைவுத் தாளையும், ஆய்வுக் கூடத்தையும், எல்லைக் கண்காணிப்பையும் ஆயத்தமாக வைத்திருக்க முடியுமன்றோ? பன்னிரண்டு ஆண்டுகள் எச்சரிக்கை கிடைத்தும், பூச்சி வந்தபின்னும் உழவர் இரு பயிர்க்காலம் காத்திருக்க நேர்ந்தது. அறிவியலாளர் சோம்பியிருந்தனர் என்பதன்று இதன் பொருள். கூட்டாய்வைத் தீயணைப்பு வேலையாக மட்டுமே அரசு கருதுகிறது என்பதே பொருள்.

இதற்கு ஆட்சியமைப்பிலும் கரணியம் உண்டு. இந்திய அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 14ஆம் உள்ளீடு, வேளாண்மையையும் வேளாண் கல்வி, ஆய்வையும் பூச்சித் தடுப்பையும் மாநிலத்திற்கே உரியனவாக்குகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுவரும் இசைவு நடுவணரசின் கையில் உள்ளது. பயிர் தமிழக உழவருடையது, இழப்பும் அவருடையது, காப்புக்கான திறவுகோல் மட்டும் தில்லியில். 1976ஆம் ஆண்டின் 42ஆம் சட்டத் திருத்தம் பொதுக் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. வேளாண் கல்வியேனும் மாநிலப் பட்டியலில் எஞ்சியிருக்கையில், அவ்வுரிமையை முழுமையாகப் பயன்படுத்தும் கடமை தமிழக அரசுக்கு உண்டு.

யாருக்காக விளைதிறன்?

இனி, ஆய்வு இன்னும் தீர்க்காத சிக்கல்களைக் காண்போர் இரண்டைக் காண்பர். முதலாவது, தேமல் நோய். வெள்ளை ஈயாலும், நோயுற்ற செடியிலிருந்து வெட்டிய குச்சியை மீண்டும் நடுவதாலும் அது பரவுகிறது. விளைவைப் பெருக்கிய எச்–226 வகையே அந்நோய்க்கு எளிதில் ஆட்படுகிறது. எதிர்ப்புத் திறனுள்ள வகைகளை ஆய்வு நடுவகங்கள் வெளியிட்டுள்ளன. ஆனால் நோயற்ற நடவுக்குச்சி உழவரின் கைக்கு வேண்டிய அளவில், வேண்டிய பட்டத்தில் வந்து சேர்வதில்லை. மரவள்ளி குச்சியால் பெருகும் பயிர். நெல்லைப்போல் ஒரு மூட்டை விதையை வண்டியில் ஏற்றி நூறு காணிக்கு அனுப்ப முடியாது. ஆகவே ஊருக்கு ஊர் நாற்றங்கால் வேண்டும். இது கொள்கை வகுப்போர் செய்யவேண்டிய வேலை.

இரண்டாவது, விலை. கிழங்கின் விலையை எடையோடு மாப்பொருள் அளவும் முடிவு செய்கிறது. அதைப் 'பாயிண்டு' என்பர். அளப்பது ஆலை, விற்பவர் உழவர். அளவில் ஐயம் எழும்போதெல்லாம் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் உழவர், ஆலையாளர், சேகோசர்வ் என முத்தரப்புக் கூட்டம் கூடுகிறது, கலைகிறது, மறு ஆண்டு மீண்டும் கூடுகிறது. எக்டேருக்கு எத்தனை டன் என்று அளந்த ஆய்வு, அந்த டன்னில் உழவர்க்கு எவ்வளவு என்றும் அளக்கவேண்டும். விளைவு மிகும் ஆண்டில் விலை சரிந்தால், பெருகிய விளைதிறன் யார் பையை நிரப்பியது? ஆலைத் தொழிலாளிக்கு எவ்வளவு சென்றது? இவற்றைக் கேளாத விளைதிறன் கணக்கு அரைக்கணக்கே.

அறிவு எம்மொழியில் உள்ளது?

இவ்விரண்டிற்கும் அடியில் மூன்றாவதொன்று கிடக்கிறது. அஃது மொழி. வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்க்கெனத் தமிழில் இதழ் நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழ்வழி வேளாண் பட்டப்படிப்பையும் தொடங்கியது. இவை பாராட்டத்தக்கன. ஆனால் தமிழில் வருவது பெரும்பாலும் 'இதைத் தெளி, இதை நடு' என்னும் கட்டளையே. ஏன் தெளிக்கவேண்டும், எத்தனை முறை ஆய்ந்தனர், எங்கே தோற்றனர், இழப்பு எவ்வளவு என்னும் ஆய்வுரையும், அரசுக்குத் தரும் கொள்கையறிக்கையும் பெரிதும் ஆங்கிலத்திலேயே அடைந்து கிடக்கின்றன. கட்டளையைப் பெறுபவன் ஏவலன்; கரணியத்தை அறிபவனே கூட்டாளி. உழவர் கூட்டாளியாக வேண்டுமானால் ஆய்வு முழுவதும் தமிழில் வரவேண்டும்.

தமிழில் சொல் இல்லை என்பது பழைய சாக்கு. கணு, தேமல், மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, ஒட்டுண்ணி என இவ்வுரையில் வந்த சொற்களே அச்சாக்கைத் தகர்க்கும். முள்ளுவாடி என்று தன் வகைக்கு ஊர்ப்பெயர் வழங்கியது தமிழ் வழக்கு. எழுத்தும் எண்ணுமாகவும் வடமொழியாகவும் பெயர் சூட்டியது ஆய்வுக் கூடம். இதே சேலத்து நகராண்மைக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை பணியாற்றிய மொழிஞாயிறு பாவாணர், உழவரின் நாவில் வழங்கும் சொற்களே தமிழின் பெருஞ்செல்வம் என்பதைத் தம் நூல்களில் நிறுவினார். 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அமைத்து அவரை இயக்குநராக அமர்த்தியது. ஒரு மொழியறிஞரின் ஆய்வுக்கு அரசு துணைநின்ற அம்முறை, பயிரறிவியலுக்கும் பொருந்தாதா?

செய்யத்தக்கன

இங்கே முன்வைக்கப்படும் வேண்டுகோள் நான்கு. ஒன்று: அயல்நாட்டுப் பயிர்ப்பகைகளை முன்கூட்டியே கண்காணித்து, மாற்றுயிர்களை வரவழைக்க ஆயத்தமாக இருக்கும் நிலையான குழுவைத் தமிழக அரசும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்தல் வேண்டும், அதன் பரிந்துரைக்கு நடுவணரசு குறித்த நாளுக்குள் விடையளித்தல் வேண்டும். இரண்டு: ஏத்தாப்பூர் நிலையத்தின் பொறுப்பில் ஒன்றியந்தோறும் நோயற்ற நடவுக்குச்சி நாற்றங்கால் வேண்டும். மூன்று: கிழங்கின் மாப்பொருளை அளக்கும் பணி, வாங்குவோரும் விற்போரும் அல்லாத பொதுவான கைக்கு, பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக்கு, மாறவேண்டும். நான்கு: பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வும் தமிழில் முழுமையாக வெளிவரவேண்டும், கொள்கை வகுக்கும் அவையில் உழவரும் ஆலைத் தொழிலாளரும் இடம்பெறவேண்டும்.

நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்தது, கோழிப்பண்ணைகளின் நடுவிலே. ஆய்வு தொழிலின் அருகில் வந்தால் நோயும் விரைவில் தெரியும், மருந்தும் விரைவில் வரும். அருகில் வந்த அவ்வறிவு, அடுத்த அடியாக உழவரின் மொழிக்குள் வரவேண்டும்.

உழவர் பெருமக்களே! கூட்டாய்வை எதிர்ப்பது தமிழர் வேலையன்று; அதில் கூட்டாளியாக அமர்வதே தமிழர் உரிமை. பெனினிலிருந்து ஒரு சிறு குளவி கடல் கடந்து ஏத்தாப்பூர் வந்து சேர முடிந்தது. ஏத்தாப்பூரில் பிறக்கும் அறிவு, பத்துக் கல் தொலைவிலுள்ள கொல்லைக்குத் தமிழில் வந்து சேர முடியாதா? முடியும், கேட்டால் முடியும், ஒன்றுபட்டுக் கேட்டால் உறுதியாக முடியும்!