சுவரில் ஏறும் ஓதம்



ஓதம் என்னும் சொல்லுக்குக் கடல் என்றும் அலை என்றும் அகராதிகள் பொருள் கூறும். சுவர் ஊறி நிற்பதையும் நம்மவர் அதே சொல்லாற் குறிப்பர். கார்த்திகை மாதத்து மழையில் வாடகை வீட்டிற் குடியிருந்தவர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றுக்கொன்று தொலைவானவையாகத் தோன்றமாட்டா. அலுமாரியின் பின்புறம் கருமை படர்கின்றது. பெட்டியிலிருக்கும் பட்டுச் சேலையிற் பூஞ்சணம் பூக்கின்றது. இரவில் குழந்தை இருமுகின்றது.

சொந்த வீட்டில் ஓதம் ஏறினால் உடையவர் மேசனை அழைப்பார். கையிற் பணமில்லையாயின் பொறுத்திருப்பார். எவ்வாறாயினும் முடிவு அவருடையது. வாடகைக்கு இருப்பவர் நிலைமை வேறு. சுவரோரம் படுப்பவர் அவர். சுவரைத் தொட உரிமை உடையவரோ வேறொருவர். தொட உரிமை உடையவர் அவ்வீட்டிற் படுப்பதில்லை. பல ஆண்டு நட்புகளையும் முறித்துவிடும் வழக்குகள் இந்த இடைவெளியிலேதான் பிறக்கின்றன.

வழக்கு எப்படித் தொடங்கும் என்பது நீங்கள் அறிந்ததே. "ஐயா, அறைச் சுவர் முழுக்க ஊறிப்போய்க் கிடக்குது, ஒருக்கால் வந்து பாருங்கோ" என்பார் குடியிருப்பவர். "தம்பி, யன்னலைப் பூட்டி வைச்சால் அப்படித்தான். முன்பு இருந்த ஆக்கள் ஒரு குறையும் சொல்லேல்லை" என்பார் வீட்டுக்காரர். இருவரும் பொய் சொல்கின்றனர் என்று நான் கூறேன். நீர் எவ்வழியாக வந்தது என்பதை இருவருமே ஆராயவில்லை என்பதே உண்மை. நீர் வந்த வழி தெரிந்தால் பொறுப்பு யாருடையது என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

நீர் ஒரு வீட்டினுள் புகும் வழிகளைப் பொதுவாக மூன்றாகக் கொள்ளலாம். முதலாவது நிலத்திலிருந்து ஏறுவது. செங்கல்லும் கபூக்குக் கல்லும் நுண்ணிய துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. விஞ்ஞான ஆசிரியர்கள் இதனை மயிர்த்துளை எழுகை என்பர். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் தாரோ பிற நீர்த்தடுப்புப் படையோ இட்டிருந்தால் நீர் அங்கே நின்றுவிடும். அப்படை இல்லாத வீட்டிலும் அது பழுதடைந்த வீட்டிலும் நீர் ஏறத்தாழ மூன்றடி உயரம் வரை ஏறும். அவ்வெல்லையில் கடற்கரையில் அலை விட்டுச்சென்ற கோடு போன்ற ஒரு கறை தோன்றும். அதனருகே வெண்ணிற உப்புப் பூக்கும். சாந்து பொருக்கு விட்டு உதிரும். இத்தகைய கறையை யன்னலைத் திறந்து வைத்து ஒருவராலும் போக்க இயலாது.

இரண்டாவது வெளியிலிருந்து வருவது. உடைந்த ஓடு, சருகு அடைத்த பீலி, வெடித்த வெளிச்சுவர், சுவருக்குள் ஒழுகும் நீர்க்குழாய் ஆகியன இதற்குக் காரணம். கறை சுவரின் மேற்புறத்திலோ கூரை மூலையிலோ இருக்கும். மழை பெய்த மறுநாள் பெரிதாகும். குழாய் ஒழுகுவதாயின் மழையில்லாத காலத்திலும் காயாது.

மூன்றாவது வீட்டினுள்ளேயே பிறப்பது. நாம் விடும் மூச்சு, கொதிக்கும் பானை, உள்ளே உலர்த்தும் துணி ஆகியவற்றிலிருந்து எழும் நீராவி குளிர்ந்த சுவரைத் தொட்டதும் நீராகப் படிகின்றது. பாடநூல்கள் இதனை ஒடுங்கல் என்று கூறும். சமையல் வாயு எரியும்போதும் நீராவி பிறக்கின்றது என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஒரு கிலோகிராம் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நீர் ஆவியாக வெளிப்படும். நம் நாட்டில் வழங்கும் 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒன்று தீர்ந்துபோகும் போது, ஏறத்தாழ 20 லீற்றர் நீரைச் சமையலறையின் காற்றிற் கலந்திருக்கும். பூஞ்சணம் வளர்வதற்குச் சுவரில் நீர் வழிந்தோட வேண்டுவதுமில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எண்பது அளவிற் சில நாள் நின்றாலே அதற்குப் போதும். ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவில், குளிருக்கு அஞ்சி யன்னலைச் சாத்திய அறைகளில் நிகழ்வது இதுவே.

இவற்றுள் எது நம் வீட்டில் உள்ளது என்பதைப் பொருட்செலவின்றி அறிய ஒரு வழி உண்டு. பொலித்தீன் தாள் ஒன்றைக் கறையுள்ள சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுக. தாளின் அறைப்பக்கம் நீர்த்துளி படிந்தால் ஈரம் அறையின் காற்றிலிருந்து வந்தது. தாளுக்குப் பின்னே, சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வந்தது. வீட்டுக்காரரையும் அழைத்து அவர் முன்னிலையிலேயே தாளைப் பிரிப்பது நன்று.

மூன்றாவது வகையை மட்டும் குடியிருப்பவர் தலையிற் சுமத்துவது வழக்கம். அதிலும் பாதி நியாயமே உண்டு என்பது என் கருத்து. காற்றுத் துவாரத்தைப் பலகையால் அடைத்து, ஓர் அறையை ஈரறையாகத் தடுத்து, நால்வருக்கு அமைந்த பகுதியில் எழுவரைக் குடியேற்றி வாடகை வாங்கிய பின்னர், "நீங்கள் மூச்சு விடுவதே காரணம்" என்று கூறுவது முறையாகுமா?

இது வெறும் அழுக்குப் பிரச்சினை அன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றி 2009இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமா, மூச்சிரைப்பு, இருமல், சுவாசத் தொற்று ஆகியன மிகுதியாகக் காணப்படுவதை அது எடுத்துக் கூறிற்று. மலைநாட்டுப் பாடசாலைகளிற் பணிபுரிந்தோர் இதனை வேறொரு வகையில் அறிவர். மாணவரின் கொப்பிகளைத் திருத்த எடுக்கும்போது சிலவற்றில் எழும் முடைநாற்றமே அப்பிள்ளை எத்தகைய அறையிற் படுத்துறங்குகிறது என்பதைச் சொல்லிவிடும். வரவுப் பதிவேட்டில் மழைக்காலத்து வெற்றிடங்களும் பெரும்பாலும் அதே பெயர்களுக்கு நேராகவே இருக்கும்.

இங்கிலாந்து தேசத்தில் இவ்விடயம் ஒரு சட்டமாக மாறிய வரலாற்றை இங்கே கூறவேண்டும். றொச்டேல் என்னும் நகரில், குறைந்த வாடகைக்கு வீடு வழங்கும் சங்கம் ஒன்றின் ஓரறை வீட்டில் ஒரு சிறு குடும்பம் வாழ்ந்தது. சுவரிற் பூஞ்சணம் படர்வதாகத் தந்தை 2017இல் முறையிட்டார். அதன்மேற் சாயம் பூசுமாறு அவருக்குக் கூறப்பட்டது. அவரும் பூசினார், பூஞ்சணம் மீண்டும் வந்தது. அவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆதலின், குளிக்கும் முறையும் சமைக்கும் முறையுமே காரணம் என்ற எண்ணம் அலுவலர் மனத்தில் இருந்தது. 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்னும் அவர்களின் இரண்டு வயது ஆண் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்தமையால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே காரணம் என மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரிற் தீர்ப்பளித்தார்.

அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் முதற்பகுதி 2025 அக்டோபர் 27ஆம் நாள் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்துள் நடவடிக்கை எடுத்தல் வேண்டும். பாரதூரமான ஓதமும் பூஞ்சணமும் பற்றி முறைப்பாடு கிடைத்தால் 10 வேலை நாட்களுள் ஆராய்தல் வேண்டும். ஆபத்து உண்டெனக் கண்டால் அடுத்த 5 வேலை நாட்களுள் அதனை நீக்குதல் வேண்டும். அந்தத் தந்தை முறையிட்ட நாளிலிருந்து மகன் இறந்த நாள்வரை மூன்று ஆண்டுகள் கழிந்தன என்பதை இந்நாட்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் நாட்டிற் சட்டமே இல்லை என்று எண்ணற்க. வாடகை உடன்படிக்கைகளுக்கு அடிப்படையாகவுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வீட்டை அதன் பயனுக்கு ஏற்ற நிலையிற் கொடுப்பதும் அந்நிலையிற் பேணுவதும் உடையவரின் கடமையாகும். மனிதர் வசிக்கத் தகாத கட்டடங்களைப் பற்றி 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் பேசிற்று. வாடகையைக் கட்டுப்படுத்த 1948இலும் 1972இலும் சட்டங்கள் வந்தன. அவை குடியிருப்போரைப் பாதுகாத்தன. எனினும், சிறு வாடகை வாங்கியவர் கூரைக்குச் செலவிட மனம் கொள்ளாமையால் பல பழைய வீடுகள் கவனிப்பாரற்றுப் போயின என்பதையும் மறைத்தல் ஆகாது. வீட்டுக்காரர் எல்லோரும் செல்வந்தர் அல்லர். ஓய்வூதியத்தோடு ஒரு பக்க அறையின் வாடகையையும் சேர்த்து மருந்து வாங்கும் முதியோர் பலர். ஆனால் பீலியைத் துப்புரவாக்கப் பெரும் பணம் வேண்டியதில்லையே.

தோட்டத்து லயன் அறைகளை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, தகரக் கூரை, முதுகோடு முதுகாக அமைந்த வரிசை, உள்ளேயே அடுப்பு என்பன பல லயன்களின் அமைப்பு. மேற்கூறிய மூன்று வழிகளும் அங்கே ஒன்றுகூடுகின்றன. வாடகை உடன்படிக்கையால் வந்த வீடு அன்று அது; வேலையோடு வந்தது. ஆகவே முறையிடுவதற்கு உடன்படிக்கையும் கையில் இல்லை. அது தனியே ஒரு பேச்சுக்கு உரிய பொருள்.

வாடகைக்கு இருப்போர் செய்யத்தக்கன சில உள. வாய்மொழியாகச் சொன்னதோடு நில்லாது, திகதியிட்ட கடிதம் எழுதி ஒரு பிரதியை வைத்துக்கொள்க. கறையைக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்திலிருந்து மீண்டும் எடுக்க. சினத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வழக்கு ஓதத்தைப் பற்றியதாக இராது, நிலுவையைப் பற்றியதாகிவிடும். வீட்டுக்காரர் இணங்காவிடின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடலாம். 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையையும் நாடலாம். அங்கே சட்டத்தரணிக்குச் செலவில்லை.

பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தாற் தட்டுவது தவறு. வித்திகள் அறையெங்கும் பறக்கும். மூக்கை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுக்க. வெளிற்றும் திரவம் பயன்படுத்தினால் யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தை அதனோடு ஒருபோதும் கலக்கற்க, நச்சு வாயு எழும். பழைய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தனர். சுண்ணாம்பின் காரத்திற் பூஞ்சணம் வளர்வது அரிது. சுவரும் தன் ஈரத்தை வெளியே விட்டுக்கொள்ளும். இக்காலத்து வழவழப்பான சாயம், ஊறிய சுவர்மேற் பூசப்பட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி, ஓராண்டுக்குள் கொப்புளித்து உரியும்.

ஆதலால் வீடு பார்க்கச் செல்வோர் இயலுமாயின் மழை பெய்த மறுநாட் செல்க. சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் புதுச் சாயம் பூசியிருந்தால் காரணம் கேளுங்கள். நிலையலுமாரியைச் சற்று நகர்த்தி அதன் பின்புறத்தைப் பாருங்கள். பூட்டியிருந்த அறையைத் திறந்த கணத்தில் எழும் மணத்தை மூக்குச் சொல்லட்டும். ஐந்து நிமிடம் நின்றால் அதற்குப் பழகிவிடும். முற்பணம் கைமாறுமுன், கூரை, பீலி, குழாய் ஆகியவற்றைத் திருத்துவது யார், எத்தனை நாட்களுள் என்பதை உடன்படிக்கையில் இரண்டு வரியாக எழுதுவித்துக்கொள்ளுங்கள்.