அந்தத் தாய் படித்த கதை



1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வெளிவந்தது. மழை கொட்டும் ஒரு மாலை. பஸ்ஸுக்குக் காத்து நின்ற கல்லூரி மாணவி, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அதில் தனக்கு நேர்ந்ததை வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். அலறி அடித்த தாய், சட்டென்று சுதாரித்துக்கொள்கிறாள். மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள்; உன்மேல் கறையே இல்லை என்கிறாள்.

வாசகர்கள் இரண்டுபட்டார்கள். ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று கொதித்தார்கள். முடிவை மாற்றி எழுதிக் காட்டியவர்களும் உண்டு.

அந்தத் தாய் சுதாரிக்காமல் போயிருந்தால்? 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த ஜெயகாந்தனின் நாவல். இங்கே தாயின் கூச்சலில் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் இங்கே கங்கா; அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் படிக்கிறாள், நல்ல வேலைக்குப் போகிறாள். ஆனால் படிக்கவைத்த மாமாவின் பார்வையே சரியில்லை. வருடங்கள் கழித்து, தன் கதையைப் போலவே ஒரு கதையைப் பத்திரிகையில் பார்க்கிறாள். அதில் வரும் தாய் தண்ணீர் ஊற்றுகிறாள். கங்கா அதைத் தன் தாயிடம் படிக்கக் கொடுக்கிறாள். படித்துவிட்டுத் தாய் அழுகிறாள்.

வாசிப்பு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன இடம் தமிழில் குறைவு என்பேன். அந்தக் கதை கங்காவின் வாழ்க்கையைத் திருப்பித் தரவில்லை. இப்படியும் செய்திருக்கலாமே என்று மட்டும் ஒரு தாய்க்குக் காட்டியது, காலம் கடந்து.

பட்டம் பெறும் உங்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. நாளை உங்களில் ஒருவர் தாசில்தார், ஒருவர் மருத்துவர், ஒருவர் தலைமையாசிரியர். ஒரு பெண் வந்து தயங்கி நிற்பாள். விதி என்ன என்று உங்களுக்குத் தெரியும். அவள் எந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்திருக்கிறாள் என்பதை மனுவில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதை யோசிக்கும் பழக்கம் கதை படித்தவர்களுக்கு வாய்க்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சிறுகதை, பிறகு நாவல், இந்த வரிசையில் படியுங்கள். படித்துவிட்டு வீட்டில் கொடுங்கள், அம்மாவிடம் மட்டுமல்ல, அண்ணன் தம்பிகளிடமும்.