வெண்ணெய் சொல்லும் கதை



ஜப்பானிய எழுத்தாளர் அசாகோ யூசுகி அம்மையார் 2017-இல் வெளியிட்ட நாவல் 'பட்டர்'. வெண்ணெய் என்பது பொருள். பாலி பார்ட்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2024-இல் வெளிவந்தது. பலரும் விரும்பிப் படித்தனர். ஆயினும் படித்தோர் கருத்து ஒன்றுபடவில்லை.

ஆடவர் சிலரைக் கொன்றதாகத் தீர்ப்புப் பெற்றுக் காவலில் இருப்பவள் கஜீ, சமையலில் வல்லவள். அவளைப் பேட்டி காணச் செல்கிறாள் ரிகா என்னும் பத்திரிகை நிருபர். சுடுசோற்றில் குளிர்ந்த வெண்ணெயும் சோயா சாறும் இட்டு உண்ணுமாறு பணிக்கிறாள் கஜீ. ரிகா உண்கிறாள், சுவை அறிகிறாள், உடலும் பருக்கிறது. காதலன் முதலாகச் சுற்றியுள்ளோர் அதனையே பேசத் தொடங்குகின்றனர்.

துப்பறியும் கதையை எதிர்பார்த்தோர், துப்பைவிடச் சமையலே மிகுதி என்று குறைப்பட்டனர். மற்றையோரோ, பெண் வயிறார உண்பதையே குற்றமாகக் காணும் உலகைத்தான் இந்நூல் விசாரிக்கிறது என்றனர்.

முதல் வாசிப்பில் நான் முன்னவர் பக்கமே நின்றேன். மீண்டும் படித்தபோது பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. பருத்த மாணவி ஒருத்தியைக் குறித்து, நகைச்சுவையென எண்ணி, வகுப்பில் ஒரு சொல் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அன்று நண்பகலில் அவள் தன் உணவுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து நாணினேன்.

மாணவர்களே, நீங்கள் தேடியதை ஒரு நூல் தரவில்லையெனில், அது தருவது யாது என்று ஒருமுறை கேளுங்கள். அதன்பின்னும் பிடிக்கவில்லையாயின், தயங்காது சொல்லுங்கள்.