குமாஸ்தா வேலை அன்று

நம் தீர்த்தமலைப் பிள்ளை ஒருவர் உச்ச நீதிமன்றச் சட்ட எழுத்தர் நேர்காணலுக்கு ஆயத்தமாகிறார். "குமாஸ்தா வேலைக்கா இவ்வளவு படிப்பு?" என ஒருவர் கேட்க, அவர் முகம் வாடிற்று. நீதியரசருக்காக வழக்குக் கட்டுகளைப் படித்துச் சுருக்கி, முன்தீர்ப்புகளைத் தேடித் தரும் பணி அது. 2024 அறிவிப்பில் மாதத்தொகை 80,000 ரூபாய். இரு கட்ட எழுத்துத் தேர்வுகளைக் கடந்தோரே நேர்காணலுக்கு அழைக்கப்படுவர்.

மதரஸாவில் பாடத்திற்கு முந்தைய இரவு முதாலஆ செய்வோமே, அதுவே இதற்கும் வழி. 1973-ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி வழக்கில் நீதியரசர்கள் 13 பேர். எழுவர் ஒருபுறம், அறுவர் மறுபுறம். அந்த அறுவரின் வாதத்தையும் பிழையின்றி வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று சொல்லவும் பழக வேண்டும், அதுதான் கடினம்.

நேர்காணல் முடியும்வரை அப்பிள்ளையைப் பந்தல் வேலைக்கும் விருந்து பரிமாறவும் அழைக்காதீர்கள்.