விருப்பப் பாடமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(இனயத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மருந்தாளுநர் பயிற்சி பெறும் மாணவர்க்குரிய விருப்பப் பாடங்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது நான் சற்றுத் தயங்கினேன். நான் பி.ஏ., பி.எட். படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார். மருந்துக்கும் எனக்கும் உள்ள உறவு, சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மாத்திரை விழுங்குவதோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி.

அவளுடைய தந்தையார் கட்டட வேலைக்குச் செல்பவர். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள். பி.பார்ம். பட்டம் பெற்றதும், மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தர ஆய்வுக்கூட வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருக்கிறாள். பின்னர் ஒரு சான்றிதழில் கையொப்பம் பெற என்னிடம் வந்தாள். "தேர்வு எப்படி அம்மா?" என்று கேட்டேன். "ஆய்வுக் கருவிகள் பற்றிய விருப்பப் பாடத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள் சார். அப்படியொரு பாடம் இருப்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது" என்றாள். "கல்லூரியில் உங்களைக் கேட்கவில்லையா?" என்றேன். "இரண்டு பாடங்களின் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டார்கள் சார். எல்லோரும் அதையே படித்தோம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் போன பின் எண்ணிப் பார்த்தேன். அதே பெண் பதினோராம் வகுப்பில் சேர வந்த நாளில் நான் என்ன செய்தேன்? மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, "உனக்கு இந்தப் பிரிவுதான்" என்று எழுதிக் கொடுத்தேன். உனக்கு எதில் விருப்பம் என்று நானும் கேட்கவில்லை. கேட்கப்படாமலே வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் மட்டும் எப்படிக் கேட்கும்? இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டு மேலே பேசுகிறேன்.

இனிச் செய்திக்கு வருவோம். நம் நாட்டில் மருந்தியல் கல்வியை நெறிப்படுத்துவது, 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய பார்மசி கவுன்சில். மருந்தாளுநர் ஆவதற்கு இரண்டாண்டு டி.பார்ம்., நான்காண்டு பி.பார்ம்., 2008இல் தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி. என மூன்று வழிகள் உள்ளன. டி.பார்ம். முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இயற்பியல், வேதியியலுடன் கணிதம் படித்தவரும் பி.பார்ம். சேரலாம், உயிரியல் படித்தவரும் சேரலாம். கணிதக்காரருக்கு உயிரியலையும், உயிரியல்காரருக்குக் கணிதத்தையும் முதல் பருவத்திலேயே ஈடு செய்யும் பாடமாகக் கற்பிக்கிறார்கள். ஆகவே, "அந்தப் பிரிவு கிடைக்கவில்லையே, வழி அடைபட்டதே" என்று எந்தப் பெற்றோரும் மனம் உடைய வேண்டியதில்லை.

பி.பார்ம். படிப்பு எட்டுப் பருவங்களைக் கொண்டது. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளையொட்டி வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தில், ஏழு பருவங்கள் வரை பாடங்களைக் கவுன்சிலே குறித்துவிடுகிறது. எட்டாம் பருவத்தில்தான் மாணவர் தாமே இரண்டு பாடங்களைத் தேர்ந்துகொள்ள இடம் உண்டு. பட்டத்திற்கு வேண்டிய மதிப்புப் புள்ளிகள் ஏறத்தாழ 208. அவற்றுள் விருப்பப் பாடங்களுக்குரியவை 8. "இந்த எட்டுக்குத்தானா இவ்வளவு பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். மற்ற இருநூறும் வகுப்பில் எல்லாரிடமும் இருக்கும். "நான் இன்ன வேலைக்குத் தகுதியானவன்" என்று தனியே எடுத்துக்காட்ட உதவுவது இந்த எட்டுத்தான்.

அப்பட்டியலில் மருந்து விற்பனை மேலாண்மை, மருந்துச் சட்ட ஒழுங்குமுறை, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, மூலிகை மருந்தின் தரக் கட்டுப்பாடு, கணினிவழி மருந்து வடிவமைப்பு, செல் மற்றும் மூலக்கூறு உயிரியல், அழகுப் பொருள் அறிவியல், உயர்நிலை ஆய்வுக் கருவிகள், ஊட்டச்சத்துப் பொருள்கள் முதலியன உள்ளன. நம் பிள்ளைகள் கருதிப் பார்க்கவேண்டிய மூன்றை மட்டும் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, ஆய்வுக் கருவிகள். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் 20க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதுபட்டு இறந்தனர். அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 சதவீதம் கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வு காட்டியது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரையும், 1986இல் பம்பாயில் ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் 14 பேரையும் மாய்த்தது இதே நஞ்சு. பாகு இனிப்பாய் இருக்கிறது, நிறமும் மணமும் மாறவில்லை. கண்ணும் நாவும் இதைக் கண்டுபிடிக்கா. வாயுப் பகுப்பாய்வு போன்ற ஆய்வு முறைகளே கண்டுபிடிக்கும். அக்கருவிகளின் முன் நிற்பவர் நேர்மையும் தேர்ச்சியும் உடையவராக இருந்தால் எத்தனையோ தொட்டில்கள் காலியாகாமல் இருக்கும். இதனைக் கற்றவர்க்குத் தொழிற்சாலையிலும் அரசு ஆய்வுக்கூடத்திலும் மதிப்பு உண்டு.

இரண்டாவது, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு. தாலிடோமைடு என்னும் மாத்திரையை உட்கொண்ட தாய்மார்க்குக் கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்த கொடுமை 1961இல் வெளிப்பட்டது. அதன் பின்னரே, விற்பனைக்கு வந்த மருந்தையும் விடாது கண்காணிக்கும் ஏற்பாடு உலகெங்கும் தோன்றியது. நம் நாட்டில் இத்திட்டம் 2010இல் தொடங்கியது. 2011 முதல் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் இதனை நடத்துகிறது. மருந்தால் விளைந்த தீங்கை நோயாளியே தெரிவிக்கலாம். ஆனால் நம் குடியிருப்புகளில், மாத்திரை தின்று உடம்பெல்லாம் தடித்தால், "என் உடம்புக்கு ஆகவில்லை" என்று தலைவிதியை நொந்துகொள்வார்களே தவிர எவரிடமும் சொல்லமாட்டார்கள். சொல்லாத துன்பம் கணக்கில் ஏறுவதில்லை. அவர்கள் மொழியில் கேட்டு எழுதிக்கொள்ள, அவர்கள் வீட்டிலிருந்தே ஒரு பிள்ளை வரவேண்டாமா?

மூன்றாவது, மூலிகை மருந்தின் தரக் கட்டுப்பாடு. மருந்துவாழ் மலையைத் தன்னகத்தே கொண்ட மாவட்டம் நம்முடையது. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் சமூக எழுச்சிக்கு வித்திட்ட அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை மறவாதீர்கள். என் பாட்டியார் காய்ச்சலுக்கு எந்த இலை, கடுப்புக்கு எந்த வேர் என்பதை அறிந்திருந்தார். ஆனால் அவர் கற்றது அவரோடு மண்ணுக்குள் போயிற்று. மூலிகையின் அடையாளம், கலப்படம், ஈய நஞ்சு முதலியவற்றை அளந்து சொல்லும் இக்கல்வி, பாட்டியின் அறிவைச் சோதித்து நிலைநிறுத்தும் கருவியாகும்.

இவற்றைத்தான் எடுக்கவேண்டும் என்று நான் கட்டளையிட வரவில்லை. விற்பனைத் துறையில் ஆர்வமுள்ளவர் அதையே எடுக்கட்டும். எளிதில் மதிப்பெண் வரும் என்பதற்காகவோ, தோழி எடுத்தாள் என்பதற்காகவோ எடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஆறாம் பருவம் முடிந்ததும் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ 150 மணி நேரப் பயிற்சி உண்டு. பலர் அதைச் சான்றிதழுக்காகக் கழித்துவிடுகிறார்கள். உங்கள் மனம் எவ்வேலையில் ஒன்றுகிறது என்று கண்டுகொள்ள அதுவே தக்க தருணம். எட்டாம் பருவத்தின் திட்டக் கட்டுரையையும் அதே துறையில் அமைத்துக்கொண்டால், நேர்முகத் தேர்வில் தலை நிமிர்ந்து பேசலாம்.

ஆசிரியர் இல்லாமையால் எல்லாப் பாடங்களையும் எல்லாக் கல்லூரிகளும் நடத்துவதில்லை என்பது உண்மை. அதற்காக வாய் மூடியிருக்க வேண்டியதில்லை. ஏழாம் பருவத் தொடக்கத்திலேயே பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். விரும்புவோர் பத்துப் பேர் சேர்ந்து பணிவுடன் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஆதிதிராவிட மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால் அது கிடைக்காது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், எந்த ஒதுக்கீட்டில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுத் தெளியுங்கள். கேட்கத் தெரியாவிட்டால் என்னைப் போன்ற ஒரு வாத்தியாரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; அது எங்கள் கடமை.

இப்பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், பஞ்சமி என்னும் சிறுமியை மகாத்மா அய்யன்காளி கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்த பள்ளியையே ஆதிக்கக்காரர் கொளுத்தினர். அந்த ஊர் இங்கிருந்து நெடுந்தூரம் இல்லை. அன்று பள்ளிக்குள் நுழைவதே போராட்டமாக இருந்தது. இன்று நுழைந்துவிட்டோம். நுழைந்த பின் எதைக் கற்பது என்பதைப் பிறர் எழுதிப் போட, நாம் பார்த்து எழுதிக்கொள்வதா?

கழகப் பெரியோர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே. ஆண்டுக்கு ஒருநாள், மேற்படிப்பு முடித்த நம் பிள்ளைகளை இங்கு வரவழைத்து, படித்துக் கொண்டிருப்பவரோடு உட்காரச் செய்யுங்கள். நான் குறிப்பிட்ட அந்த மாணவி முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தனக்குத் தெரியாமற்போனது தன் தம்பி தங்கையருக்குத் தெரியவேண்டும் என்பது அவள் ஆசை. நானும் வரும் ஆண்டு முதல் பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது, மதிப்பெண் பட்டியலைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "உனக்கு எதில் விருப்பம்?" என்று கேட்பதாக இந்த அவையில் உறுதி கூறுகிறேன்.